நான் ஏறினால் மட்டும் வரும் சத்தம்

13-6-83, திங்கள்

காலை டூட்டி. ஆறு மணிக்கு நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினால்தான் ராத்திரி டூட்டிக்காரர் எழுந்து வீட்டுக்குப் போக முடியும். எங்கள் ஊரிலிருந்து பென்னாகரத்துக்கு முதல் பஸ் ஏழரைக்குத்தான். ஆகவே கிழவர்தான் கதி.

கிழவர் என்பது எங்கள் மோட்டார் சைக்கிள். மாது அதை வாங்கும்போதே அதற்குப் பதினைந்து வயதுக்கு மேல். தர்மபுரியில் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த வண்டியைக் கொண்டுவந்து, புளியமரத்தடியில் போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டி ஓடவைத்தார். (புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பார் அத்தை. எழுதக் கூடாது என்று இன்னும் சொல்லவில்லை. மாது, மாது, மாது.)

இன்று ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது ஒரு சத்தம். கிர்ர்ர் என்று இழுத்து, கடைசியில் ஒரு டக். மேடு முடிந்ததும் நின்றுவிட்டது. என்னங்க அது என்று கேட்டேன். காற்று என்றார்.

காற்று டக் என்று சொல்லுமா? நான் காதை வைத்துப் பிழைக்கிறவள். லைனில் இரைச்சல் வந்தால் மழையா, மரக்கிளையா, போன்காரர் வீட்டு எலியா என்று சொல்லிவிடுவேன். என்னிடம் போய்க் காற்று என்கிறார்.

16-6-83

இன்றும் வந்தது. மேட்டிலும், மண் ரோடு முடிந்து தார் ரோட்டில் ஏறும் இடத்திலும்.

19-6-83, ஞாயிறு

நச்சரிப்பு தாங்காமல் மாது இன்று சோதனை போட்டார். அவர் சித்தப்பா மகன் அர்ச்சுனனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கினார். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லையாம். இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"அண்ணி ஏறுனாத்தான் வண்டி அழுவுதுங்க போல," என்றான் அர்ச்சுனன். அத்தை கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அர்ச்சுனன் என்னைப்போல் ஒன்றரைப் பங்கு இருப்பான். பாரம்தான் காரணம் என்றால் அவனுக்குத்தானே முதலில் வர வேண்டும்?

சத்தம் என்னை ஒரு பக்கம் அரிக்கிறது. அதைவிட டூட்டி. நான் இன்னும் தற்காலிகம்தான். வருஷக் கடைசியில் எங்களில் சிலரை நிரந்தரம் செய்வார்கள். தாமதமாக வருகிறவர்கள் பேரை நிரந்தரத்துக்கு எழுதி அனுப்ப மாட்டேன், இரண்டு தடவைக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்று சூப்பர்வைசர் அம்மா எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டார். போன வருஷம் மழை ஏமாற்றி, கடலைக்கொடியைப் பிடுங்கினால் வெறும் வேர்தான் வந்தது. என் சம்பளம்தான் உலை கொதிக்க வைத்தது. அதற்காக மட்டும் இல்லை என்பதையும் இங்கே எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள். எனக்கு அந்த நாற்காலி பிடித்திருக்கிறது. பிளக்கை எடுத்துச் செருகி, யார் யாரையோ பேசவைப்பது பிடித்திருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்தால் நான் என்ன ஆவேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

2-7-83

டூட்டி முடிந்ததும் காஜா பாய் பட்டறைக்குப் போனோம். பென்னாகரத்தில் மாது நம்புகிற ஒரே மெக்கானிக். நோன்பு நாள், பாய் உதடு காய்ந்து போயிருந்தார். ஆனாலும் வேலையைத் தள்ளிப்போடவில்லை.

பட்டறைக்குள் பெண்கள் நிற்கிற வழக்கம் இல்லை. நான் எதிர்ப்பக்கம் வளையல் கடை நிழலில் நின்றேன். மாது என் சார்பில் பேசினார். அவர் பேசியது எனக்கு நன்றாகவே கேட்டது: இன்ஜினில் ஏதோ சத்தமாம், வூட்டுல சொல்றாங்க. அவ்வளவுதான். மேட்டைப் பற்றிச் சொல்லவில்லை. டக்கைப் பற்றிச் சொல்லவில்லை. "சத்தமாம்" என்று வேறு! வெளியூருக்குப் பேசும் ஒரு டிரங்க் காலை நான் இப்படி இணைத்துக் கொடுத்தால் வேலையே போய்விடும்.

பாய் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். சைலன்சரைத் தட்டிப் பார்த்தார். மாதுவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வரை ஓட்டிப் பார்த்தார். சுத்தம் என்றார்.

ஊர் எல்லை தாண்டவில்லை. கிர்ர்ர். டக். மாதுவின் முதுகைப் பார்த்தேன். இந்தத் தடவை காற்று என்று சொல்லவில்லை, அதுவே பெரிது.

12-7-83

ரம்ஜான். காலையில் தார் ரோட்டில் ஏறும் இடத்தில் கிர்ர்ர் வந்து, டக் வந்து, அதன்பின் ஒன்றுமே வரவில்லை. செயின் கழன்று தொங்கியது. மாது கையெல்லாம் கருப்பாக்கி மாட்டி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது ராத்திரி டூட்டிக்காரர் முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு எழுந்து போனார். சூப்பர்வைசர் அம்மா தாமதம் என்று எழுதிக்கொண்டார்.

ஒன்று.

15-7-83

பாய் புதுச் செயின் போட்டார். பழையது இழுத்துப் போய்விட்டதாம். மாது வழியெல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். சத்தமே இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், எப்படி என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். எனக்கும் சந்தோஷம்தான். அத்தையிடம் கேட்டு வாங்கி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

20-7-83

வந்துவிட்டது.

24-7-83

பின் சக்கரத்துப் பேரிங் மாற்றியாயிற்று. சத்தம் மாறவில்லை. மாது இப்போதெல்லாம் வழியில் பேசுவதில்லை. வண்டி தன்னை அவமானப்படுத்துவதாக நினைக்கிறார். நான் சொல்லிக் காட்டுகிறேன் என்றும் நினைக்கிறார். நான் வாயைத் திறந்து நாலு நாளாயிற்று.

3-8-83, ஆடிப் பதினெட்டு

விடியும் முன்பே ரோடெல்லாம் ஜனம். ஒகேனக்கலில் முழுக்குப் போடப் போகிறவர்கள். லாரி, டிராக்டர், மாட்டுவண்டி. மேட்டில் ஒரு டிராக்டருக்கு ஒதுங்கும்போது செயின் மறுபடி கழன்றது. இந்தத் தடவை புதுச் செயின், போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அந்த டிராக்டரையே நிறுத்தி ஏறிக்கொண்டேன். பின்னால் முழுக்கப் பெண்கள், மடியில் கட்டுச்சோறு. எங்கே போறேம்மா தனியா என்று கேட்டார்கள். டெலிபோன் ஆபீஸுக்கு என்றதும் ஒருத்தி, போன்ல பேசறவங்க மொகம் தெரியுமா உனக்கு என்று கேட்டாள். தெரியாது என்றேன். எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள்.

வழியெல்லாம் டிராக்டர் நகரவே இல்லை. ஏழு மணி ஆகிவிட்டது. இன்றைக்கென்று அத்தனை லைனும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறது, போர்டில் ஒற்றை ஆள். சூப்பர்வைசர் அம்மா பக்கத்து ஸ்டூலில் தானே உட்கார்ந்து எனக்குப் பதிலாகப் பிளக் செருகிக்கொண்டிருந்தார். கூட்டம் தணிந்த பிறகு சொன்னார்: "இன்னும் ஒரு வாட்டின்னா நான் உன் பேர எழுத முடியாதும்மா. உன் வேலையில குத்தமில்ல. ஆனா நேரம் நேரந்தான்."

அவர் திட்டியிருந்தால் தேவலை.

5-8-83

சண்டை. மாது வண்டியை விற்றுவிடுகிறேன் என்றார். காரிமங்கலம் சந்தைக்கு வருகிற ஒரு வியாபாரி கேட்கிறாராம். வித்துட்டு? நான் எப்படிப் போவேன்? பஸ்ஸுல போ என்கிறார். ஏழரை பஸ்ஸுல போய் ஆறு மணி டூட்டிய யாரு பாக்கறது? அப்ப வுட்டுரு என்றார். வுட்டுரு! கடலைக்குப் பூச்சி மருந்து வாங்கினது யாரு காசு, அர்ச்சுனன் கல்யாணத்துக்கு மொய் வெச்சது யாரு காசு என்று கேட்கத்தான் வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் அப்படியே இடிந்து போயிருப்பார், எனக்குத் தெரியும்.

அதற்குப் பதில் வேறு சொன்னேன். சத்தம் வருதுன்னு நான் சொன்ன அன்னிக்கே நீங்க நம்பல. இப்பவும் நம்பல. செயின நம்பறீங்க, பேரிங்க நம்பறீங்க, என்ன நம்பல.

மாது வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அத்தை இருவருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டார். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

9-8-83

இன்று மருந்துக் கடைக்காரர் லைனில் இரைச்சல் என்று புகார். லைன்மேன் கம்பத்தில் ஏறித் தன் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, லைன் சுத்தம் என்றார். கடைக்காரர் இல்லை என்று சத்தியம் செய்கிறார். இருவரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை. கடைசியில் நான் சொன்னேன், கடைக்குள்ளே போய், அவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே நின்று கேளுங்கள் என்று. போனார். கடைக்காரர் மருந்து எடுக்க அலமாரி வரை வயரை இழுத்துக்கொண்டுதான் எப்போதும் பேசுவாராம். இழுத்தால் இரைச்சல். விட்டால் சுத்தம்.

லைன்மேன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வண்டி ஞாபகம் வந்தது.

அர்ச்சுனன் எப்படி உட்கார்ந்தான்? இரண்டு பக்கமும் கால் போட்டு. காஜா பாய் பின்னால் மாது எப்படி உட்கார்ந்தார்? இரண்டு பக்கமும் கால் போட்டு. நான்? சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக, இரண்டு காலையும் இடப்பக்கத்துக் கால்கட்டையில் வைத்து. இத்தனை பேர் சோதித்தார்களே, ஒருத்தராவது நான் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தார்களா?

ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தேன். போகிற ஒவ்வொரு பெண்ணும் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்து போகிறாள். ஒரு ஆண்பிள்ளைகூட இல்லை.

14-8-83, ஞாயிறு

மாதுவிடம் மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்தேன். உட்காருவதில் என்ன இருக்கிறது என்றார். சரி, நானே பாயிடம் பேசுகிறேன் என்று கிளம்பிவிட்டேன். இன்று வளையல் கடை நிழலில் நிற்கவில்லை. நேரே பட்டறைக்குள் போனேன். மாது ஒரு ஸ்பேனரை எடுத்து அதை ரொம்ப உற்றுப் பார்த்தார்.

பாய் நிதானமாகக் கேட்டார். மேடு, கிர்ர்ர், டக், ஒரு பக்கம், இரண்டு கால், எல்லாம் சொன்னேன். அவர் சிக்கலைப் புரிந்துகொண்டார். சத்தத்தைத் தன் காதால் கேட்க வேண்டும், ஓட்டிப் பார்த்தால்தான் எந்த இடம் என்று கைக்குத் தெரியும். ஆனால் அடுத்தவர் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைவீதியில் எப்படிப் போவது? பின்னந்தலையைச் சொறிந்தார். பிறகு, "இருங்க தங்கச்சி, எங்க வூட்டுல கேக்கறேன்," என்று பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போனார்.

அவர் மனைவி ஹமீதுன்னிசா புர்காவைச் சரிசெய்துகொண்டு வந்தார். ஊர் வண்டியெல்லாம் ஓட்டிப் பார்க்கிற மனுஷன், கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தன்னை எதிலும் ஏற்றியதில்லை என்று என்னிடம் முதல் வார்த்தையாகச் சொன்னார். பாய் காது கேட்காததுபோல் கிக்கரை உதைத்தார்.

கோட்டை மேடு வரை போய் வந்தார்கள். சத்தம் வரவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹமீதுன்னிசா அக்கா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தார். முகமெல்லாம் காற்றடித்துச் சிவந்திருந்தது. நல்லா இருந்துச்சும்மா, ஆனா பயந்துட்டேன் என்றார். அந்தக் கட்டையில் கால் வைத்தால் நழுவிவிடுமோ என்று கால்களைத் தொங்கவே விட்டிருந்தாராம்.

கால்களைத் தொங்கவிட்டிருந்தார். நான் மேட்டில் சறுக்காமல் இருக்க இரண்டு குதிகாலாலும் அந்தக் கட்டையை அழுத்தி மிதித்துக்கொண்டுதான் உட்காருவேன். டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து சொன்னேன். இன்னொரு தடவை ஏறச் சொல்லி பாய் கேட்டார். ஹமீதுன்னிசா அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார்.

நாளை மறுநாள் பார்க்கலாம் என்றார் பாய். யாரை ஏற்றி என்று அவருக்கும் தெரியவில்லை.

16-8-83

இதை மெதுவாக எழுத வேண்டும். மறந்துவிடக் கூடாது.

டூட்டி முடிந்து பட்டறைக்குப் போனேன். மாது வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். பாய் வண்டியை ரோட்டுக்கு உருட்டி வந்து, என்ன செய்யலாம் மாது என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டு முழுக்க ஆள். டீக்கடையில் எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க ஓட்டுங்க பாய். நான் உக்கார்றேன்," என்றார் மாது.

வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பின் சீட்டில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தார். இரண்டு கால்களையும் இடப்பக்கக் கட்டையில் வைத்தார். ஒரு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என் சாப்பாட்டுப் பையை ரோட்டில் வாங்கிப் பிடிக்கவே கூச்சப்படுகிற மனுஷன்.

"இப்டியா?" என்று என்னிடம் கேட்டார்.

"குதிகால அழுத்துங்க," என்றேன்.

வண்டி கிளம்பியது. டீக்கடையில் ஒருவன் விசிலடித்தான். பஸ் ஜன்னலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புதுப் பொண்ணு எங்க போவுது என்று யாரோ கேட்டான், ஒரு கூட்டமே சிரித்தது. மாது நேரே எதிர்வரிசைக் கடைகளைப் பார்த்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சமும் திருப்பாமல் போனார். காது மட்டும் சிவந்திருந்தது.

கோட்டை மேட்டுப் பக்கம் மறைந்துவிட்டார்கள். நான் ரோட்டோரத்தில் நின்றேன். திரும்பி வரும்போது பாய் ஓட்டவில்லை. இருவரும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாது தூரத்திலேயே கையை உயர்த்தினார்.

"வந்துச்சு காவேரி. நீ சொன்ன மாதிரியே வந்துச்சு. கிர்ர்ருனு இழுத்து, டக்குனு."

பாய் முகத்தில் சிரிப்பு இல்லை. பின் சக்கரம் பக்கவாட்டில் ஆடுகிறது என்றார்.

17-8-83

வண்டி நேற்றிலிருந்து பட்டறையில். இன்று ஒரு நாள் மதிய டூட்டி, பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். எல்லாம் கழற்றிப் பார்த்தாகிவிட்டது. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில்தான் அந்தக் கால்கட்டையை எப்போதோ யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். பற்றவைத்த இடத்துக்கு அடியில், சேறும் கிரீஸும் அப்பிய இடத்தில், ஒரு விரிசல். ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் மூடிக்கொள்கிறது. கட்டையை அழுத்தி மிதித்தால் திறக்கிறது. திறந்தால் சக்கரம் சாய்ந்து, செயின் அதன் மூடியில் உரசும். அதுதான் கிர்ர்ர். விரிசல் பழையபடி மூடிக்கொள்வதுதான் டக். பாய் என்னைக் கூப்பிட்டு, விரலை வைத்துக் காட்டினார். பாதிக்கு மேல் அறுந்திருந்தது. அந்த இடத்துல நானே ரெண்டு தடவை கிரீஸ் தடவினேன் தங்கச்சி என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால், மேட்டில் ஏறும்போது முறிந்திருக்கும். பின்னால் லாரி வந்திருந்தால். நான் மாதுவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, என் சாப்பாட்டுப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஃபோர்க்கை தர்மபுரிக்குக் கொண்டுபோய் அடித்து நிமிர்த்திப் பற்றவைக்க வேண்டும். பத்து நாளாவது ஆகும். பத்து நாளும் ஆறு மணி டூட்டி. என்ன செய்வேன்?

ஹமீதுன்னிசா அக்கா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இங்கதான் இருக்கட்டுமே, எக்ஸ்சேஞ்சு நாலு எட்டு நடை என்றார்.

18-8-83

அத்தையிடம் சொல்ல மாதுவுக்குத் தைரியம் இல்லை. நான்தான் சொன்னேன். கல்யாணமான பெண், அதுவும் வேற்று மதத்தார் வீட்டில், பத்து நாள் தங்குவது. அத்தை எழுந்து, சேலையை மாற்றிக்கொண்டு, ஏழரை பஸ்ஸில் என்னோடு கிளம்பிவிட்டார். (இன்று எனக்கு ஓய்வு நாள். நல்லவேளை.)

பாய் வீட்டில் அத்தை முதலில் கிணற்றைப் பார்த்தார். பிறகு நான் படுக்கப் போகிற அறையின் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டு எடுத்தார். பிறகு ஹமீதுன்னிசா அக்காவைப் பார்த்து, எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க என்று கேட்டார். பாங்கு சொல்றதுக்கு முன்னாடியே என்றார் அக்கா.

"அப்ப இவள எழுப்பி வுட்ருவீங்க," என்றார் அத்தை. "இல்லன்னா தூங்குவா. நேரத்துக்குப் போவலன்னா பேர எழுத மாட்டாங்களாம்."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது, என் டூட்டிக் கணக்கு முழுக்க அத்தைக்கும் தெரியும் என்று. இத்தனை நாளும் நாலரைக்கே எழுந்து, முனகிக்கொண்டே எனக்குச் சோறு கட்டியது எதற்காக என்று நான் கேட்டதே இல்லை. கொண்டுவந்த கேழ்வரகு மாவுப் பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, இவளுக்குக் களி இல்லாட்டி ஆவாது என்றார்.

22-8-83

அக்கா களி கிண்டியது கட்டி தட்டிவிட்டது. இருவரும் சிரித்துக்கொண்டே உடைத்து உடைத்துச் சாப்பிட்டோம். ஐந்தே முக்காலுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். ராத்திரி டூட்டிக்காரர் நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

28-8-83

வண்டி வந்துவிட்டது. கால்கட்டை இப்போது ஃபோர்க்கில் இல்லை. மேலே பெரிய சட்டத்திலேயே இரண்டு போல்ட்டுப் போட்டு முறுக்கியிருக்கிறது. பாய் என்னைப் பட்டறை வாசலிலேயே ஏறி உட்காரச் சொன்னார், மிதிக்கச் சொன்னார், குதிக்கச் சொன்னார். பக்கத்தில் குத்துக்காலிட்டுக் காதை வைத்துக் கேட்டார். மாது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டார். இரண்டு பேருக்கு நடுவில் நான் மட்டும் மேலே, கோயில் சாமிபோல். வெட்கமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

ஏரிக்கரை மேடு வந்தபோது மாது வேகத்தைக் குறைத்தார். நான் பலம் கொண்ட மட்டும் மிதித்தேன். இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறு இல்லை.

18-9-83

பக்ரீத். பாய் வீட்டுக்கு அத்தை ஒரு கூடை அவரைக்காய் கொடுத்தனுப்பினார்.

10-10-83

நல்ல மழை. கடலை பிடித்துவிட்டது. ஒரு நாளும் தாமதம் இல்லை.

7-12-83

சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டார். என் பேரும் வந்திருக்கிறது. நிரந்தரம். பொங்கலுக்கு முன் சேலத்தில் சேர வேண்டும், மூன்று மாதப் பயிற்சி, ஹாஸ்டலில் தங்க வேண்டும். முடிந்ததும் இதே பென்னாகரம்.

வெளியே மாது வண்டியோடு நின்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, மூணு மாசமா என்று மட்டும் கேட்டார்.

20-1-84, சேலம்

மதியம் வார்டன் அறையிலிருந்து ஆள் வந்தது, எனக்கு டிரங்க் கால் என்று. ஓடினேன். ஊருக்கெல்லாம் டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கிறவள், எனக்கென்று ஒன்று வந்ததும் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். லைனில் முதலில் குள்ளம்மாள் வந்தாள், இப்போது பென்னாகரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புதுப்பெண். பயப்படாதீங்கக்கா, உங்க வூட்டுக்காரருதான், பாய் பட்டறைக்குப் பக்கத்துக் கடையிலருந்து என்று சொல்லி இணைத்தாள்.

மாது போனில் பேசி நான் கேட்டதே இல்லை. போனே தேவையில்லாத அளவுக்குக் கத்தினார். வண்டியில் நேற்றிலிருந்து ஒரு சத்தமாம். பாய்க்குப் பிடிபடவில்லையாம். நீ கேட்டுச் சொல்லு என்றார். அடுத்த நொடி ரிசீவரை வண்டிப் பக்கம் நீட்டிவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் ஹாரன் கேட்டது. பின்னால் பாய் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. இவற்றுக்கெல்லாம் அடியில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது, சீராக, ஒரு பிசிறு இல்லாமல்.

"ஒண்ணுமில்லீங்களே. நல்லாத்தான ஓடுது," என்றேன்.

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னொருக்கா கேளு."

அதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. குள்ளம்மாள் குறுக்கே வந்து, நீட்டிக்கலாமா என்று விதிப்படி கேட்டாள். நீட்டும்மா என்றார் மாது. மறுபடி ரிசீவரை வண்டிப் பக்கம் பிடித்துவிட்டார். என்ன விஷயம் என்று வார்டன் சைகையில் கேட்டார். வண்டி ரிப்பேர் என்றேன். அடுத்த மூன்று நிமிடமும் நின்று கேட்டேன்.